சுவருக்குள் குறுக்கே போன ஒயர்

அத்தாவுக்கு வலப்பக்கம் விழுந்துபோன பிறகு வந்த முதல் கோடையில்தான் எங்கள் வீட்டுக்கு மின்விசிறி வந்தது. அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். பெரிய கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. அத்தாவுக்கு டிரங்குப் பெட்டிக் கடை. தகரத்தை வெட்டி, மடித்து, தட்டி, பச்சை வர்ணம் பூசி, மூடியில் ரோஜாப்பூ வரைந்து வைப்பார். கல்யாணத்துக்குப் பெட்டி என்றால் அவரிடம்தான் வருவார்கள். ஒருநாள் காலையில் கடையில் சுத்தியலை எடுக்கக் கையை நீட்டியவர் அப்படியே சாய்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அவருக்கு வலது கையும் காலும் விளங்கவில்லை, பேச்சும் இல்லை. "ம்" என்பார், "ஹா" என்பார். அவ்வளவுதான். கடையை அவருடைய தம்பி, எங்கள் சின்னத்தா, பார்த்துக்கொண்டார்.

அத்தாவை உள்ளறையில் இரும்புக் கட்டிலில் படுக்க வைத்திருந்தோம். அந்த அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். காற்றுக்கு வழியே கிடையாது. சித்திரை பிறந்ததும் மலைக்கோட்டைப் பாறை பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி ஊருக்குள் திருப்பிக் கொட்டும். அத்தாவின் முதுகில் புண் வந்தது. அம்மாவும் நானும் மாறி மாறி விசிறியால் வீசுவோம். எனக்கு அப்போது நிக்காஹ் பேசி முடித்திருந்தார்கள். அத்தா எழுந்து நடக்கட்டும் என்று தேதி வைக்காமல் காத்திருந்தோம். என் அக்கா ஏற்கெனவே கல்யாணமாகி ஸ்ரீரங்கத்தில் இருந்தாள்.

பினாங்கிலிருந்து வந்த மாமா, அம்மாவின் அண்ணன், அத்தாவைப் பார்த்துவிட்டு வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். திரும்பக் கப்பல் ஏறுவதற்கு முன், தன் வீட்டுக்கென்று கொண்டுவந்திருந்த மேஜை விசிறியை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். கறுப்பு நிறம், பித்தளை இறக்கை, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பும். அதைச் செருகத்தான் வீட்டில் இடம் இல்லை. கூடத்தில் ஒரு விளக்கு, உள்ளறையில் ஒரு விளக்கு, இரண்டுக்கும் கூடத்துச் சுவரில் சுவிட்ச். எங்கள் வீட்டுக் கரண்ட் அவ்வளவுதான்.

"பிளக் பாயிண்ட்தானே? நான் வந்து போட்டுத் தரேன் மாமி" என்றார் அக்காவின் கணவர். எனக்கு மச்சான்.

மச்சானுக்கு ஸ்ரீரங்கத்தில் ரயிலடிக்குப் பக்கத்தில் மைக்செட் கடை. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கோயில் விசேஷம் எல்லாவற்றுக்கும் குழாய் ஒலிபெருக்கியும் கலர் பல்பும் அவருடையதுதான். தென்னை மரம், வேப்ப மரம், மாடிக் கைப்பிடி, எதன் மேலும் ஏறி ஒயர் கட்டுவார். ஸ்ரீரங்கத்தில் எந்தத் தெருவில் நடந்தாலும் யாராவது ஒருவர் அவரைக் கூப்பிட்டு வணக்கம் சொல்வார். சிரித்த முகம். எங்கள் வீட்டுக்கு வந்தால் அத்தாவின் கட்டிலில் உட்கார்ந்து, யார் வீட்டுக் கல்யாணத்தில் மைக் கத்தியது, எந்தப் பேச்சாளர் ஒலிபெருக்கி நின்றது தெரியாமல் பேசிக்கொண்டே இருந்தார் என்று கதை சொல்வார். அத்தாவின் இடப்பக்க உதடு மட்டும் சிரிக்கும். அவர் வருகிற நாளில் அம்மாவுக்கும் முகம் தெளிந்துவிடும். மருமகன் என்பதைவிட மகன் போலத்தான் இருந்தார். எங்களுக்குச் சகோதரன் கிடையாது.

ஒன்றை இப்போது சொல்ல வேண்டும். அப்போது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. மச்சான் கட்டிய ஒயர் எல்லாம் இன்றைக்குக் கட்டி நாளைக்கு அவிழ்க்கிற ஒயர். அது எந்த வழியாகப் போகிறது என்று கட்டியவருக்குத் தெரியும், விடிந்ததும் அவரே வந்து சுருட்டிக்கொண்டு போவார். வருஷக்கணக்கில் ஜனங்கள் குடியிருக்கிற சுவரில் அவர் அதுவரை கைவைத்ததில்லை.

கூடத்து ஒயரெல்லாம் சுவர்மேல் பதித்த மெல்லிய தேக்கு ரீப்பர் கட்டையில் வரிசையாகக் கிளிப் வைத்து அடித்தது. உத்தரத்திலிருந்து நேராகச் சுவிட்சுக்கு இறங்கும். அம்மா அதைக் காட்டினாள்.

"இந்த மாதிரியே கட்டை அடிச்சு அந்த ரூமுக்கும் கொண்டு போங்களேன் மாப்பிள்ளை."

"வெள்ளைச் சுவர்ல கட்டை எதுக்கு மாமி, அசிங்கமா? சுவத்துக்குள்ளேயே விட்டுடறேன். கண்ணுக்கே தெரியாது. இப்பல்லாம் பெரிய பங்களாவுல அப்படித்தான்."

அவர் பெருமைக்காக மட்டும் அப்படிச் செய்தார் என்று நான் நினைக்கவில்லை. படுக்கையில் கிடக்கிற மனிதர் நாள் முழுக்கப் பார்க்கிற சுவர் அது. அதைக் கெடுக்க வேண்டாம் என்றும் நினைத்திருப்பார். கூடத்துச் சுவிட்சுக்குப் பக்கத்தில் சுவரைத் துளைத்தார். துளை உள்ளறையில் வாசல் நிலைக்கு மேலே வந்து திறந்தது. அங்கிருந்து கட்டிலின் தலைமாட்டுக்கு உளியால் ஒரு கோடு வெட்டிக்கொண்டே போனார். மேலே தொடங்கிய கோடு சாய்ந்து சாய்ந்து இறங்கி, கட்டில் ஓரமாகச் சுவரைக் குறுக்கே கடந்து, தலைமாட்டில் இடுப்பு உயரத்தில் முடிந்தது. கடையில் கிடந்த துணி சுற்றிய முறுக்கு ஒயர் ஒன்றை அந்தக் கோட்டில் அமுக்கி வைத்து, அங்கங்கே ஆணியை வளைத்து நிறுத்தி, மேலே சுண்ணாம்புக் காரை பூசினார். தலைமாட்டில் ஒரு மரப்பலகை, அதில் ஒரு சுவிட்ச், ஒரு பிளக் பாயிண்ட்.

விசிறியைப் போட்டதும் அத்தாவின் நெற்றியில் ஒட்டியிருந்த முடி எழுந்து பறந்தது. அத்தா கண்ணை மூடிக்கொண்டார். விசிறி தலையைத் திருப்பி அந்தப் பக்கம் போனதும் கண்ணைத் திறந்து அது திரும்பி வருகிறதா என்று பார்ப்பார். வந்ததும் மூடிக்கொள்வார். அம்மா மச்சானின் தலையைத் தடவி, "அல்லாஹ் உங்களுக்குக் குறையில்லாம வைக்கணும்" என்று துஆ செய்தாள். அக்கா வாசலில் நின்று வாயெல்லாம் சிரிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். காரை காய்ந்தபின் வீடு முழுக்க வெள்ளையடித்தோம். கோடு இருந்த இடமே தெரியவில்லை.

அந்தக் கோடையில் அத்தாவின் முதுகுப் புண் ஆறியது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. காற்று பட்டால் அத்தாவுக்கு இருமல் வந்தது. அதனால் விசிறியைக் கழற்றித் துணி போட்டு மூடி அலமாரிமேல் வைத்துவிட்டோம். விசிறி நின்றதும் கொசு வந்தது. சந்துச் சாக்கடை நிரம்பிக் கிடந்த சமயம். அத்தாவால் ஒரு கையால்தான் விரட்ட முடியும். வலப்பக்கத்தில் கடித்தால் அவருக்குத் தெரியவே தெரியாது. காலையில் பார்த்தால் அந்தப் பக்கமெல்லாம் தடித்திருக்கும். அம்மா பழைய நிக்காஹ் சேலையைக் கிழித்துக் கொசுவலை தைத்தாள். வலைக்கு நான்கு மூலையிலும் கயிறு. மூன்றை ஜன்னல் கம்பியிலும் அலமாரியிலும் கட்டியாயிற்று. நாலாவது மூலை கால்மாட்டில், சுவர்ப்பக்கம். அதைக் கட்ட அங்கே ஒன்றும் இல்லை.

"ஒரு ஆணி அடிச்சா தீந்துச்சு" என்றாள் அம்மா.

காலை நேரம். அத்தாவைத் துடைத்து, துணி மாற்றி, அறையைக் கழுவி விட்டிருந்தோம். அம்மா அத்தாவின் பழைய சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் ஒன்றும் அறியாத பெண் இல்லை. தகரக் கடைக்காரர் வீட்டுப் பெண்ணாகப் பிறந்து, தகரக் கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள். எந்த வேலைக்கும் முன்னால் சுற்றிப் பார்ப்பாள்.

"அந்த சுவிட்ச் அமத்தியிருக்கா பாரு."

பார்த்தேன். அமத்தித்தான் இருந்தது. "அமத்தியிருக்கும்மா. விசிறியும் கழட்டியிருக்கு."

"பிளக்கு தலைமாட்டுல இருக்கு. கூடத்துல மாதிரி மேலேருந்துதான் ஒயர் இறங்கியிருக்கும். நான் கால்மாட்டுலதானே அடிக்கப் போறேன்" என்று தனக்கே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னாள். பிறகு, "நீ போய்க் கஞ்சியை இறக்கு, பொங்கிடப் போவுது" என்றாள்.

நான் அடுப்படிக்குப் போனேன். சுத்தியல் சத்தம் கேட்டது. பழைய சுவர் என்பதால் காரை உதிரும் சத்தமும் கேட்டது. இன்னொரு தட்டு. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. அடித்து முடித்துவிட்டாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். உடனே அத்தா கத்தினார். அவர் விழுந்த நாளிலிருந்து அப்படி ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்ததில்லை. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

அம்மா சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். வலது கையில் சுத்தியல் இல்லை. இடது கை தலைக்கு மேலே ஆணியைப் பிடித்தபடி இருந்தது. உடம்பு விறைத்து, குதிகால் இரண்டும் தரையிலிருந்து எழும்பி, யாரோ மேலேயிருந்து பிடித்து இழுப்பதுபோல இருந்தாள். முகம் எனக்குத் தெரியவில்லை. "அம்மா" என்று கையை நீட்டிக்கொண்டு போனேன்.

"தொடாதே!"

அத்தாதான். மாதக்கணக்கில் ஒரு சொல் வராத வாயிலிருந்து அது முழுசாக, தெளிவாக வந்தது. நான் நின்றுவிட்டேன். அவர் இடது கையால் கூடத்துப் பக்கம் காட்டினார். எனக்குப் புரிந்தது. ஓடிப் போய்க் கூடத்துச் சுவரில் இருந்த மெயின் சுவிட்சின் கைப்பிடியைப் பிடித்துக் கீழே இழுத்தேன். உள்ளே அம்மா விழுந்த சத்தம் கூடத்துக்குக் கேட்டது.

அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தார்கள். ஒருத்தி உள்ளங்காலைத் தேய்த்தாள், ஒருத்தி வாயில் தண்ணீர் ஊற்றப் பார்த்தாள். தெருமுனை டாக்டர் வந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு அந்தக் கையை அம்மாவின் மார்பின்மேல் எடுத்து வைத்தார். அம்மாவின் இடது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியில் கருத்திருந்தன. வேறு எந்தக் காயமும் இல்லை. அத்தா கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தை மறுபக்கம் திருப்பி வைக்க ஒரு பெண் முயன்றாள். அவர் திரும்ப மறுத்தார்.

போலீஸில் சொல்லாமல் அடக்கம் செய்யக் கூடாது என்றார்கள். புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும் என்றார்கள். மய்யித்தை அறுப்பார்களே என்று பெண்கள் அலறினார்கள். சின்னத்தா ஜமாஅத் பெரியவர்களோடு போய்ப் பேசிப் பார்த்தார், நடக்கவில்லை. மழையில் ஒரு மாட்டு வண்டியில்தான் அம்மா போனாள். அதே வண்டியில் திரும்பி வந்தாள். அவளைக் குளிப்பாட்டிய பெண்களில் நானும் ஒருத்தி. என்ன பார்த்தேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. இங்கேயும் சொல்லப் போவதில்லை.

ஸ்ரீரங்கத்திலிருந்து அக்காவும் மச்சானும் வந்தபோது அம்மாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். மச்சான் கூடத்தைத் தாண்டி நேரே உள்ளறை வாசலுக்குப் போனார். சுவரில் பாதி இறங்கியிருந்த ஆணியைப் பார்த்தார். அங்கேயே தரையில் உட்கார்ந்தார். என்ன நடந்தது என்று அதுவரை அவரிடம் யாரும் விவரமாகச் சொல்லவில்லை. கரண்ட் அடித்துவிட்டது என்று மட்டுமே சொல்லி அனுப்பியிருந்தோம். அவர் உட்கார்ந்த விதத்தைப் பார்த்துத்தான் அக்காவுக்குப் புரிந்தது.

அடக்கம் முடிந்து சில நாளில் மின்சார ஆபீஸிலிருந்து ஒருவர் வந்தார். நடுத்தர வயசு, கையில் குடை. செருப்பை வெளியே விட்டுவிட்டு, அத்தாவுக்கு ஸலாம் சொல்லிவிட்டுத்தான் அறைக்குள் வந்தார்.

"இந்த பிளக்குக்கு ஒயர் எப்படி வருது?"

சின்னத்தா பிளக்குக்கு மேலே கையைக் காட்டினார். "மேலேருந்துதாங்க வந்திருக்கும்."

பக்கத்து வீட்டுக்காரர், "இல்ல, கீழே தரையோரமா வந்திருக்கும்" என்றார்.

வந்தவர் என்னைப் பார்த்தார். எனக்கும் சரியாக நினைவில்லை. வெட்டும்போது பார்த்ததுதான். வெள்ளையடித்த பிறகு சுவரெல்லாம் ஒன்றாகிவிட்டது.

வாசலுக்கு வெளியே நின்றிருந்த மச்சான், "அப்படி இல்லைங்க" என்றார். உள்ளே வந்தார். அங்கே கிடந்த காரைத் துண்டு ஒன்றைப் பொறுக்கி, வாசல் நிலைக்கு மேலிருந்து தலைமாடுவரை சுவரில் கீறிக்கொண்டே போனார். சாய்வாக ஒரே கோடு. கால்மாட்டில் அது அம்மாவின் ஆணியைத் தொட்டுக்கொண்டு போனது. கோட்டை முடித்துவிட்டுக் கையைத் தொங்கவிட்டார்.

"ஏன் இப்படிப் போட்டீங்க?" வந்தவர் அதட்டவில்லை. கேட்கத்தான் செய்தார்.

"இதுதான் கிட்டத்து வழியா இருந்துச்சு."

"சுவத்துக்குள்ள ஒயர் விட்டா நேரா இறக்கணும். இல்ல, நேரா படுக்கையா கொண்டு போகணும். அப்பத்தான் நாளைக்கு வர்றவங்க பிளக்கைப் பார்த்ததும் இந்தப் பக்கம் இருக்கும், இந்தப் பக்கம் இருக்காதுன்னு கணக்குப் பண்ண முடியும். அதுவும் குழாய்க்குள்ள போகணும். இப்படிக் குறுக்க போனா யாருக்குத் தெரியும்?"

"சுவிட்ச் அமத்தித்தான் இருந்துச்சு. நான் பார்த்தேன்" என்றேன் நான்.

"சுவிட்சை அமத்தினா பிளக்குக்குத்தான்மா கரண்ட் போகாது. மெயின்லேருந்து அந்த சுவிட்ச் வரைக்கும் வர்ற ஒயர்ல எப்பவும் நிக்கும். சுவத்துல கை வைக்கணும்னா மெயினையே இறக்கணும்." ஆணியை ஒருமுறை பார்த்துவிட்டு, "அவங்க மேல தப்பு இல்ல. யோசிச்சுத்தான் செஞ்சிருக்காங்க" என்றார்.

அதை அவர் எங்களுக்கு ஆறுதலாகச் சொன்னார். மச்சான் சுவரில் முட்டிக்கொண்டு அழத் தொடங்கினார்.

கம்பத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த இணைப்பை அன்றே துண்டித்துவிட்டார்கள். உரிமம் உள்ள ஆளை வைத்து முழுக்க மாற்றினால்தான் மறுபடி தருவோம் என்றார்கள். ஊருக்கெல்லாம் பல்பு எரிந்தது. நாங்கள் அரிக்கேன் விளக்கோடு இருந்தோம். விபத்து என்று எழுதிப் போலீஸ் முடித்துக்கொண்டது. ஜமாஅத்தில், எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம் என்றார்கள். சின்னத்தா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அம்மாவுக்காகப் பாத்திஹா ஓதிய அன்று, வந்தவர்கள் எல்லோருக்கும் முன்னால், "இனிமே இந்த வாசப்படியில கால வைக்காதே" என்று மச்சானிடம் சொன்னார். மச்சான் அக்காவைப் பார்த்தார். அக்கா எழுந்து உள்ளறைக்குப் போய் அத்தாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். ஸ்ரீரங்கத்துக்குப் போகவில்லை.

அதற்குப் பிறகு மச்சான் வெள்ளிக்கிழமைதோறும் ஜும்மா தொழுதுவிட்டுச் சந்துக்கு வருவார். வாசலுக்கு எதிரே நிற்பார். படியேற மாட்டார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

"மாமா எப்படி இருக்காரு?"

"அப்படியேதான் இருக்காரு மச்சான்."

"அவ சாப்பிடுறாளா?"

"சாப்பிடுறா."

தண்ணீரைக் குடித்துவிட்டுப் போவார். உள்ளே வந்து, "அவர் வந்திருந்தாரு" என்று அக்காவிடம் சொன்னால், அவள் செய்துகொண்டிருந்த வேலையை இன்னும் வேகமாகச் செய்வாள். ஒருநாள் மட்டும், "அந்த ஆளு ராத்திரி தூங்குறாரான்னு கேட்டியா?" என்றாள். கேட்கவில்லை என்றேன். "கேட்காதே" என்றாள்.

வைகுண்ட ஏகாதசிக்கு அந்த வருஷம் ஸ்ரீரங்கத்துத் தெருக்களில் வேறு யாரோதான் விளக்குக் கட்டினார்கள். மச்சான் கடையை மூடிவிட்டார் என்று கேள்விப்பட்டோம்.

தை முடிகிற சமயத்தில் சின்னத்தா புத்தூரிலிருந்து ஒரு ஒயர்மேனை ஏற்பாடு செய்தார். அவர் வந்த அன்று அவருக்குப் பின்னால் ரீப்பர் கட்டைகளைத் தோளில் சுமந்துகொண்டு ஒரு ஆள் வந்தார். மெலிந்து, தாடி வளர்ந்து இருந்ததால் முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. மச்சான். ஒயர்மேனிடம் கூலி ஆளாக வருகிறேன் என்று கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். சின்னத்தா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"சுவரை நான்தான் வெட்டணும் சின்ன மாமா. எங்கெங்க ஆணி வச்சிருக்கேன்னு எனக்குத்தான் தெரியும். வேலை முடிஞ்சதும் போயிடறேன்."

"உன்னைக் கூப்பிட்டது யாரு?"

உள்ளறையிலிருந்து அத்தா "ஹா" என்றார். நான் போய்ப் பார்த்தேன். இடது கையை நீட்டி, விரல்களை மடக்கி மடக்கி, வரச் சொல்லு என்று காட்டினார். கூடத்துக்கு வந்து சொன்னேன். சின்னத்தா ஒதுங்கிக்கொண்டார். அக்கா அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மச்சான் கட்டிலைப் பார்க்கவே இல்லை. தான் கீறிய கோட்டிலேயே உளியை வைத்து வாசல் பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டு வந்தார். காரை தூள் தூளாக அவர் தலையில் கொட்டியது. அத்தா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒயர் முழுசாக வெளியே வந்தது. சுண்ணாம்பு பட்டு மேல்துணி பல இடத்தில் மட்கிப்போயிருந்தது. ஒரு இடத்தில் ஆணி குத்திக் கருகியிருந்தது. மச்சான் அதைச் சுருட்டப் போனபோது அத்தா கையை நீட்டினார். மச்சான் தயங்கி, ஒயரின் ஒரு முனையை அவர் கையில் வைத்தார். அத்தா அதைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போய், கருகிய இடத்தில் நிறுத்தினார். தகரத்தில் ஓட்டை இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பவர் அவர். அங்கே விரலை வைத்தபடி ரொம்ப நேரம் இருந்தார். பிறகு ஒயரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மன்னித்தார் என்றோ மன்னிக்கவில்லை என்றோ அந்த முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை.

புது ஒயர் உத்தரத்தையொட்டி வந்து, தலைமாட்டுக்கு நேர் மேலே திரும்பி, நேராகக் கீழே இறங்கியது. எல்லாம் கட்டைமேல், வெளிப்படையாக, கிளிப் கிளிப்பாக. மூன்று துளை உள்ள பிளக். தனியாக ஒரு எர்த் கம்பியை முற்றத்து மண்ணில் இறக்கி, உப்பும் கரியும் போட்டு மூடினார்கள். சாயங்காலம் மின்சார ஆபீஸிலிருந்து வந்து பார்த்துவிட்டுக் கம்பத்து இணைப்பைத் திரும்பக் கொடுத்தார்கள். ஒயர்மேன் சோதனை விளக்கை வைத்து ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்த்தார். எதையாவது திருத்த அவர் ஒயரில் கை வைக்கப் போனால், கேட்காமலே ஒவ்வொரு தடவையும் மச்சான் போய் மெயினை இறக்கினார். சுவரில் இருந்த பள்ளத்தைச் சிமெண்டால் மூடினார்கள். இந்த முறை அதன்மேல் வெள்ளையடிக்க யாருக்கும் மனம் வரவில்லை.

விசிறியை எடுத்துவந்து செருகினேன். இறக்கை சுழலத் தொடங்கியதுமே அத்தா கையை உயர்த்தி ஆட்டினார். வேண்டாம். முகத்தைச் சுவருக்கு மறுபக்கம் திருப்பிக்கொண்டார். நிறுத்தினேன். மச்சான் கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு ஒயர்மேனுக்குப் பின்னால் போனார்.

மறு கோடையிலும் அத்தா விசிறி போட விடவில்லை. புண் திரும்ப வந்தது. அக்காவும் நானும் பனை விசிறியால் வீசினோம். "அத்தா, அன்னைக்குத் தொடாதேன்னு சொன்னீங்கள்ல, இன்னொரு தடவை ஏதாவது சொல்லுங்களேன்" என்று அக்கா அவர் வாயருகே காதை வைத்துக் கேட்பாள். அவர் முயற்சி செய்வார். கழுத்து நரம்பெல்லாம் புடைக்கும். "ஹா" என்பார். பயத்தில் ஒருதரம் அப்படி வருவதுண்டு, அப்புறம் வராது என்று டாக்டர் சொன்னார். ஆடி பிறப்பதற்கு முன்னால் அத்தா போய்விட்டார்.

வீட்டைச் சின்னத்தா எடுத்துக்கொண்டார். முன்பே பேசியிருந்தபடி என்னை மண்ணச்சநல்லூரில் கட்டிக்கொடுத்தார்கள். கணவருக்கு அரிசி ஆலையில் வேலை. அக்கா போக வேறு இடமில்லாமல் ஸ்ரீரங்கத்துக்குப் போனாள். வாசலில் நின்ற மச்சானிடம் பெட்டியைக் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தாள். அவர் பின்னால் நடந்தார்.

சில வருஷம் கழித்து ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மச்சான் ரயிலடியில் சைக்கிள் ஸ்டாண்டு பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை இல்லை. வீட்டில் ஒரே ஒரு பல்பு. அவர் வேலைக்குப் போன சமயம், கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன்.

"அவரை மன்னிச்சிட்டியாக்கா?"

அக்கா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "தெரியல. சில நாள் அவர் முகத்தைப் பார்த்தா பாவமா இருக்கு. சில நாள் அம்மா விரலுதான் தெரியுது. ரெண்டு நாளும் சோறு ஆக்கித்தான் வைக்கிறேன்" என்றாள்.

கிளம்பும்போது மச்சான் பஸ் ஏற்றிவிட வந்தார். பழைய கடை இருந்த இடத்தைத் தாண்டும்போது அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பஸ் வருவது தெரிந்ததும், "உங்க வீட்டுல சுவர் பூசறாங்கன்னு அக்கா சொன்னா" என்றார்.

"ஆமா மச்சான். மழைக்கு ஊறிப்போச்சு. புதுசா ரேடியோவுக்கு ஒரு பிளக்கும் போடறாங்க."

"பூசறதுக்கு முன்னாடி ஒயர் எந்த வழியா போவுதுன்னு நீயே நின்னு பார்த்துக்கம்மா. உங்க வீட்டுக்காரருக்கும் காட்டிடு. வீட்டுல இருக்கற எல்லாருக்கும் தெரியணும்."

சரி என்றேன். அவர் இன்னும் ஏதோ சொல்ல வந்தார். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். பஸ் கொள்ளிடம் பாலத்தில் ஏறும்வரை எனக்கு அழுகை வரவில்லை. அப்புறம் அடக்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "எந்த ஊரும்மா? யாருக்கு என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

வீடு சேர்ந்ததும் கொத்தனாரை நிறுத்தச் சொன்னேன். கணவருக்குக் கோபம். காரை குழைத்தாயிற்று, வீணாகும் என்றார். ஆகட்டும் என்றேன். மறுநாள் ஒயர்மேன் வந்து, ஒயர் போகிற குழாயைத் திறந்து, நேராகத்தான் இறங்குகிறது என்று காட்டினார். மாமியார், கொழுந்தன், பெருக்க வருகிற பெண் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்திக் காட்டினேன். இவளுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள். காரணம் கேட்டார்கள். அன்றைக்கு என்னால் சொல்ல முடியவில்லை.